கல்வெட்டின் முகப்பில் ஒரு பெயர்

ஒருவர் இறந்து 31ஆம் நாள், அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து சாப்பாட்டுக்கு இருக்கும் நேரத்தில், வந்தவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதன் பெயர் கல்வெட்டு. இறந்தவரின் படம், திதி வெண்பா, தேவார திருவாசகம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சவழி, பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி. கல்லில் எழுதும் வசதி இல்லாத சனம் தாளில் எழுதிவைத்த கல் அது. வன்னியின் புதுக்குடியிருப்பில் பல வீடுகளில் இறந்தவருடைய வாழ்க்கையைப் பற்றி அச்சில் இருக்கும் ஒரே எழுத்து இந்தப் புத்தகம்தான்.

சில காலத்துக்கு முன் புதுக்குடியிருப்பில் ஓர் அச்சகத்தில் என் வேலைக்காகக் காத்திருந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தாயின் கல்வெட்டுக்கு மாதிரி பார்க்க வந்தார். முகப்பை வெளிநாட்டிலிருக்கும் தம்பி செய்து அனுப்பியிருந்தார். மேலே பூக்கள், நடுவில் படம், கீழே தாயின் பெயர். பெயரின் எழுத்து ஒருபக்கம் கொழுத்துக் கறுத்தும், மறுபக்கம் சிலந்தி நூல் போல மெலிந்தும் இருந்தது. கைபேசித் திரையில் பார்த்தால் நகை போல மின்னியது. தாளில் வந்தபோது நூலெல்லாம் அறுந்து, தடித்த துண்டுகள் மட்டும் நின்றன. பெயரில் இரண்டு ணகரம். இரண்டும் வேலிக்கதியால் நட்டது போல வெறும் நிமிர்ந்த தடிகளாய் நின்றன.

“தம்பி, போனிலை வடிவா இருந்தது. இதிலை ஏன் இப்பிடி உடைஞ்சு கிடக்கு?”

“அது மெலிஞ்ச கோடண்ணை, மெசின் பிடிக்காது. சுத்திவர ஒரு கோடு குடுத்துத் தடிப்பாக்கி விடட்டோ?”

தடிப்பாக்கியபோது அறுந்த நூல் ஒட்டியது. ஆனால் சுழிகளின் உள்வெளி அடைபட்டது. மெய்யெழுத்தின் புள்ளி வீங்கி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டது. முன்பு உடைந்த பெயர் இப்போது புகைந்த பெயராயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெயருக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல, அந்த எழுத்தின் பூர்வீகத்துக்குப் போகவேண்டும். தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையில் பெரும் வேறுபாடு காட்டும் செரிஃப் எழுத்துரு ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் முதிர்ந்தது. செரிஃப் என்பது கோட்டின் நுனியில் வரும் சிறு குறுக்குமுடிவு. இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோன் பாஸ்கர்வில் 1757இல் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது, எழுத்தை மட்டும் மாற்றவில்லை. மையைக் கறுப்பாக்கினார், வழவழப்பான தாளைத் தேடினார், அச்சிட்ட தாளைச் சூடான தகட்டுக்கிடையில் வைத்து அழுத்தினார். மெல்லிய கோடு தாளில் உயிரோடு நிற்க இவ்வளவும் வேண்டியிருந்தது. அதற்குப் பின் பாரிசில் ஃபிர்மன் டிடோவும், இத்தாலியின் பார்மாவில் ஜம்பத்திஸ்தா பொடோனியும் அந்த வழியை அதன் எல்லைவரை கொண்டுபோனார்கள். நிமிர்ந்த கோடு தூண் போல, குறுக்குக்கோடு மயிரிழை போல, இரண்டுக்கும் நடுவில் படிப்படியான மாற்றம் கிடையாது. பொடோனி 1813இல் இறந்தார். அவருடைய எழுத்துகளின் பெருந்தொகுப்பை 1818இல் அவர் மனைவிதான் வெளியிட்டார். இறந்தவரின் பெயரைத் தாளில் நிறுத்தும் வேலை அங்கும் வீட்டுக்காரரிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த எழுத்தின் உடம்பில் இருப்பது கூர்முனைப் பேனா. அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கீழிறங்கும்போது கை அழுத்தும், மேலேறும்போது தளரும். எனவே ‘n’ என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தில் இறங்குகோடுகள் தடித்து, அவற்றை இணைக்கும் வளைவு மெலியும். இணைப்பு எவ்வளவு மெலிந்தாலும் இரண்டு தூண்களைப் பார்த்தே ஆங்கிலம் படிப்பவர் எழுத்தை ஊகித்துவிடுவார்.

தமிழ் எழுத்தின் உடம்பில் இருப்பது எழுத்தாணி. பனையோலையில் இரும்புமுனை கீறும். அழுத்தினாலும் தளர்த்தினாலும் கீறலின் அகலம் பெரிதாக மாறாது. பிறகு கரியைத் தேய்த்தால் கீறல் கறுக்கும், எல்லா இடமும் ஒரே தடிப்பில். ஓலை கிழியும் என்று புள்ளியைக்கூட விட்டுவிட்டார்கள். வன்னியில் பனை காணாத கண் கிடையாது. அந்த ஓலையில் வளர்ந்த எழுத்துக்குத் தடிப்பும் மெலிவும் பின்னால் வந்தவை. அச்சுத்தான் அவற்றைக் கொண்டுவந்தது.

வந்த வழியும் நீளமானது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கத்தில் அச்சானது. 1713இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை பெரிதாக இருந்ததால் தாள் போதவில்லை. சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டார்கள், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது. எங்கள் பக்கம் அமெரிக்க மிஷனின் அச்சுக்கூடம் 1834இல் மானிப்பாயில் இயங்கத் தொடங்கியது. 1841இல் ‘உதயதாரகை’, 1842இல் மானிப்பாய் அகராதி. வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை 1849இல் எழுந்தது. சென்னையில் அதே அமெரிக்க மிஷனின் அச்சாளர் பி. ஆர். ஹன்ட் தமிழுக்குச் சிறிய, துல்லியமான எழுத்துகளைச் செய்வித்தார். 1862இல் வந்த வின்சுலோவின் பேரகராதி அவருடைய அச்சுக்கூடத்தில் உருவானது. உருக்கில் வெட்டி ஈயத்தில் வார்க்கும் இந்தத் தொழிலில்தான் தமிழ்க்கோடு தடித்து மெலியப் பழகியது. பழகியதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். நாம் புத்தகத் தமிழ் என்று மனதில் வைத்திருக்கும் உருவமே அதுதான். ஆனால் பழகியது அளவோடு. பொடோனியின் எல்லைக்கு அது போகவில்லை. போகாததற்குக் காரணம் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது.

டகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிர்ந்த கோடு, ஒரு கிடைக்கோடு, அவ்வளவுதான். கிடைக்கோட்டை நூலாக்கி, அந்த நூல் அச்சில் அறுந்தால் மிஞ்சுவது ஒரு தடி. பகரத்தின் அடிக்கோடு அறுந்தால் இரண்டு தடி. இன்னும் நுணுக்கமானது ரகரம். காலுக்கும் (ா) ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு வால். அந்த வாலை மெலிவில் வைத்த எழுத்துருவில் வால் போனால், ‘மரம்’ என்று கோத்தது ‘மாம்’ என்று வாசிக்கப்படும். ஆங்கிலத்தில் மெலிந்த கோடு பெரும்பாலும் இணைப்பு. தமிழில் பல இடங்களில் அதுவே எழுத்தின் அடையாளம். இதற்கு எதிர்ப்பக்கம் ணகரம், ஊகாரம் போன்றவை. அவற்றில் இறங்குகோடுகள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றையும் தூணாக்கினால் கதியால் வேலி, கண் அதிலே தடக்கும். ஆகவே தமிழில் நாடகத்தன்மையுள்ள எழுத்துரு செய்பவர் பொடோனியின் கணக்கை அப்படியே எடுத்து வைக்க முடியாது. எந்தக் கோடு எழுத்தைத் தாங்குகிறது என்று ஒவ்வோர் எழுத்திலும் பார்த்து அதற்குச் சதை கொடுக்கவேண்டும். கிடைக்கோட்டுக்கும் தடிப்பில் பங்கு வேண்டும். ணகரத்தில் ஒரு தூண் போதும், மற்றவை ஒதுங்கி நிற்கலாம். புள்ளியை எழுத்திலிருந்து போதிய தூரத்தில் வைக்கவேண்டும். இதைப் பார்க்காமல் செய்த எழுத்துரு எவ்வளவு மினுங்கினாலும் நான் அதை ஒரு பெயருக்குப் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுத்தது அளவு. நல்ல எழுத்துருவுக்கும் இங்கேதான் ஆபத்து வருகிறது. மெலிந்த கோடு எழுத்தளவில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 72 புள்ளி (point) அளவில் அது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர், எந்த அச்சும் தாங்கும். அதே எழுத்துருவை 12 புள்ளியில் வைத்தால் அந்தக் கோடு 0.085 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 600 மைப்புள்ளி போடும் லேசர் அச்சுப்பொறியில் ஒரு மைப்புள்ளியின் அகலம் 0.042 மில்லிமீற்றர். இரண்டு மைப்புள்ளிகளை நம்பி ஒரு கோடு நிற்கவேண்டும். தாளில் தூசு, வெக்கையில் சுருண்ட கட்டு, தீரப்போகும் தோனர், இதில் ஏதாவது ஒன்று வந்தால் முதலில் போவது அதுதான். நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால் இன்னும் மோசம். சுற்றியுள்ள மை உள்ளே கசிந்து நூலை மூடிவிடும். நான்கு நிறம் சேர்ந்த கறுப்பில், நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாவிட்டால் வெள்ளை நூல் வானவில்லாகிவிடும்.

ஈயக் காலத்தில் இந்தச் சிக்கலுக்கு விடை தொழிலுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனியே வெட்டினார்கள். சின்ன எழுத்தில் மெலிவு குறையும், பெரிய எழுத்தில் கூடும். கணினியில் ஒரே வரைவைப் பெருப்பித்துச் சிறுப்பிக்கத் தொடங்கியபோது அந்த அறிவு நழுவியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ‘ஹார்ப்பர்ஸ் பஸார்’ இதழுக்காக ஜொனதன் ஹோஃப்லர் டிடோவின் வழியில் எழுத்துரு வரைந்தபோது, 6 புள்ளியிலிருந்து 96 புள்ளிவரை ஏழு அளவுகளுக்கு ஏழு வரைவு செய்தார். நூல் எந்த அளவிலும் நூலாகவே தெரியவேண்டும் என்பதற்காக. ஒரு நாகரிக இதழின் தலைப்புக்கு எடுத்த அந்தக் கவனத்தில் ஒரு பங்கையாவது எங்கள் தாய்மாரின் பெயருக்கு எடுக்கவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

எங்கள் அச்சகங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. இடத்துக்கு எழுத்துப் போதாவிட்டால் பிடித்து இழுப்பது. பக்கவாட்டில் ஒன்றரை மடங்கு இழுத்தால் நிமிர்ந்த கோடுகள் ஒன்றரை மடங்கு தடிக்கும், கிடைக்கோடுகள் இருந்தபடியே இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஓரளவு இழுத்தால் கண் பொறுத்துக்கொள்ளும். தடிப்பு மெலிவு கூடிய எழுத்துருவில் அது எலும்பை முறிப்பது. மேல்நோக்கி இழுத்தால் நூல்கோடு தடித்துச் சமநிலை கெடும். இடம் போதாவிட்டால் எழுத்தளவைக் குறைக்கலாம், இரண்டு வரியாக்கலாம், பூவை எடுக்கலாம். பூவை எடுக்கத்தான் ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

வீதிப் பதாகைக்கு இந்த எழுத்தை நான் ஒருபோதும் சொல்வதில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் பஸ்ஸில் இருந்து பாருங்கள். ஓர் அடி உயர எழுத்தில், மேலே சொன்ன கணக்கின்படி மெலிந்த கோடு 6 மில்லிமீற்றர். குறையில்லாத கண் அதைத் தெளிவாகப் பிரித்துக் காண ஏறக்குறைய 20 மீற்றருக்குள் வரவேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் பஸ் 20 மீற்றரைக் கடக்க ஒரு செக்கனும் கொஞ்சமும்தான். அதற்கு முன்பெல்லாம் தெரிவது தூண்கள் மட்டும். கடைப்பெயருக்கு ஒரே தடிப்பில் அமைந்த, ஓலை எழுத்தின் வழிவந்த எழுத்துகளே பொருத்தம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் அதிர்ஷ்டச் சீட்டு விளம்பரங்களுக்காகத் தடிப்பு மெலிவு கூடிய எழுத்தைப் பல மடங்கு கொழுக்கவைத்துச் சுவரில் ஒட்டினார்கள். நடந்துபோகும் சனத்துக்கு அது போதுமாயிருந்தது.

கலியாண அட்டை வேறு கதை. கையில் எடுத்து, ஓர் அடி தூரத்தில், விளக்கடியில் பார்க்கிற பொருள் அது. தாள் தடிப்பு, எழுத்துப் பெரிது, சொல் குறைவு. மணமக்களின் பெயர் இரண்டும் இந்த எழுத்தில் வந்தால் பொன் மைக்கும் அது பொருந்தும். ஒன்றை மட்டும் பார்க்கவேண்டும். ஆங்கிலப் பெயரைப் பொடோனி வகையில் வைத்துவிட்டுத் தமிழ்ப் பெயரை ஒரே தடிப்பு எழுத்தில் வைத்தால், ஒன்று விருந்துக்கு வந்தது போலவும் மற்றது வேலைக்கு வந்தது போலவும் தெரியும். தமிழுக்குப் பொருத்தமான எழுத்தை முதலில் எடுத்து, அதன் தடிப்புக்கு இசைவாக ஆங்கிலத்தைத் தேடுவதே முறை. இன்று இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. ஃபெர்னாண்டோ மெல்லோவும் ஃபியோனா ரோஸும் புத்தக அச்சுக்கென உருவாக்கிய டிரோ தமிழ், கூகுளின் நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் தடிப்பு மெலிவை அளவோடு கையாளுகின்றன. எங்கள் நாட்டு எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸின் கவிவனார், பவனம் இரண்டும் வேறு வகையின, ஆனாலும் இலங்கையிலிருந்து ஒருவர் தமிழ் எழுத்தை வரைந்து உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

திரும்பவும் கல்வெட்டுக்கு வருகிறேன். உள்ளே இருக்கும் திதி வெண்பா, வருடத்தின் பெயர், மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நான்கடிக்குள் அடக்கியது. ஆண்டுத்திதி எப்போது வருகிறது என்று ஆண்டுதோறும் அதைப் பார்த்துத்தான் வீட்டார் கணிக்கிறார்கள். வளர்பிறையா தேய்பிறையா என்ற சொல்லில் ஒரு வால் அறுந்தால் சடங்கு நாளே பிழைக்கும். வெண்பாவுக்கும், திகதிகளுக்கும், வம்சவழிக்கும் அமைதியான புத்தக எழுத்தே வேண்டும். முகப்பிலும் படத்தை யோசிக்கவேண்டும். 2009இல் போரின் கடைசிக் கட்டத்தில் இந்த ஊரிலிருந்து கடற்கரை நோக்கி நகர்ந்த சனம் அல்பங்களைச் சுமந்துகொண்டு போகவில்லை. புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீதே எறிகணை விழுந்த நாள்கள் அவை. இன்று பல கல்வெட்டுகளில் இருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. மங்கலான, பொருக்குத் தட்டிய முகம். அதற்குப் பக்கத்தில் பளபளக்கும் எழுத்தைப் பெருக்கினால் முகம் தோற்றுவிடும். அந்த எழுத்து ஓரிடத்தில் மட்டும் வரலாம், பெயரில். மற்றதெல்லாம் அடங்கி நிற்கவேண்டும்.

இன்னொரு பயணமும் இந்தப் புத்தகத்துக்கு இருக்கிறது. கல்வெட்டு முடிந்துபோகும், கனடாவிலிருந்து பேரப்பிள்ளை கேட்பார், போட்டோக்கொப்பி எடுப்பார்கள், கொப்பியிலிருந்து கொப்பி. 2005இலிருந்து இயங்கும் நூலகம் மின்னூலகம் நினைவுமலர்களையும் வருடி வைத்திருக்கிறது. யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய ‘லை’ உள்ள பிரதிகளை அங்கே திறந்தால், மஞ்சள் தாளிலும் வாசிக்க முடிகிறது. ஈய எழுத்தின் அளவான மெலிவு அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. வருடியின் கறுப்பு வெள்ளைக் கண்ணுக்கு இன்றைய நூல்கோடு சாம்பல் நிறம். சாம்பலை அது வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்.

அன்று அச்சகத்தில் யாரும் கேட்காமலே நான் வாய் திறந்தேன். எழுத்துருவை மாற்றவேண்டாம், அது தம்பி விரும்பி எடுத்தது. சுற்றிவரக் கொடுத்த கோட்டை எடுங்கள். பூக்களை எடுங்கள். பெயரைப் படத்தின் கீழே தனி வரியில், அட்டையின் அகலத்துக்கு விடுங்கள், இழுக்காமல் எழுத்தளவைக் கூட்டி. பின்னணி வேண்டாம், வெள்ளை அட்டையில் தனிக் கறுப்பு. பிறந்த திகதியும் மறைந்த திகதியும் கீழே சாதாரண எழுத்தில். அச்சகப் பையன் பத்து நிமிசத்தில் செய்து முடித்தான். இரண்டாவது மாதிரி வந்தபோது ணகரத்தின் சுழிகள் திறந்திருந்தன. புள்ளி தலைக்கு மேலே தனியாக நின்றது. நூல்கோடு ஒவ்வொன்றும் தொடக்கம் முதல் முடிவுவரை அறாமல் ஓடியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, தாயின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“இப்ப அம்மான்ரை பேர் தெரியுது தம்பி. முந்நூறு அடியுங்கோ.”